ஷாம்பு, கிரீம், முகக்கழுவியில் இருக்கும் 'மின்னேற்றம் இல்லாத' பொருள்: தோலுக்கு அது செய்வது என்ன?

எண்ணெயும் தண்ணீரும் ஒன்று சேராது. ஆனால், வீட்டுக் குளியலறையில் இருக்கும் பொருள்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் சேர்த்து வைத்திருப்பவைதான். முகத்துக்குப் பூசும் கிரீம் எண்ணெயும் தண்ணீரும் கலந்த பால்மம். ஷாம்பு, தலையில் இருக்கும் எண்ணெயைத் தண்ணீரோடு போகச் செய்கிறது. கண்ணாடி போலத் தெளிந்த பன்னீரில்கூட வாசனை எண்ணெய் கரைந்து நிற்கிறது.

இந்த வேலையைச் செய்வது 'சர்ஃபேக்டண்ட்' எனப்படும் பொருள். தமிழில் இதைப் பரப்புச் செயலி என்று சொல்லலாம். அதில் ஒரு வகை 'மின்னேற்றம் இல்லாத' பரப்புச் செயலி. தோல் வறட்சியும் அரிப்பும் உள்ளவர்கள், கைக்குழந்தை உள்ள வீடுகள், நாள் முழுவதும் கையைத் தண்ணீரில் வைத்து வேலை செய்யும் துப்புரவு, உணவகத் தொழிலாளர்கள் ஆகியோர் இந்த வகையைப் பற்றித் தெரிந்து வைத்திருப்பது பயன் தரும். எந்தப் புட்டி தோலுக்கு ஒத்துப்போகும், எது எரிச்சல் தரும் என்பதில் இந்தப் பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு.

தலையும் வாலும்

பரப்புச் செயலியின் மூலக்கூறுக்கு ஒரு தலையும் ஒரு வாலும் உண்டு. தலை தண்ணீரை விரும்பும். வால் எண்ணெயை விரும்பும். அது கொழுப்பிலிருந்து வந்த நீண்ட கரிமச் சங்கிலி.

இப்பொருளைத் தண்ணீரில் சிறிதளவு போட்டால், மூலக்கூறுகள் முதலில் நீரின் மேற்பரப்புக்கு வந்து, வாலை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதனால் நீரின் பரப்பு இழுவிசை குறைகிறது. தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் பரவி, முடிக்கும் தோலுக்கும் இடையில் புகுந்துவிடும்.

மேற்பரப்பு நிரம்பிய பிறகு, மீதமுள்ள மூலக்கூறுகள் தண்ணீருக்குள் பந்து போல ஒன்று சேரும். வால்கள் உள்ளே, தலைகள் வெளியே. இந்தப் பந்துக்கு 'மைசெல்' என்று பெயர். தோலிலும் தலையிலும் இருக்கும் எண்ணெய், அழுக்கு, ஒப்பனைப் பூச்சு எல்லாம் மைசெல்லின் நடுவில் சிக்கிக்கொண்டு தண்ணீரோடு போய்விடுகின்றன. கழுவுவது என்றால் அடிப்படையில் இதுதான்.

நான்கு வகை

தலையில் இருக்கும் மின்னேற்றத்தை வைத்துப் பரப்புச் செயலிகளை நான்காகப் பிரிப்பார்கள்.

எதிர்மின் வகை: சவர்க்காரம், சோடியம் லாரில் சல்பேட், சோடியம் லாரெத் சல்பேட் ஆகியவை இதில் அடங்கும். நுரை அதிகம், விலை குறைவு, கழுவும் வலு அதிகம்.

நேர்மின் வகை: முடிக்குப் போடும் கண்டிஷனரில் இருக்கும். முடி இழையில் ஒட்டிக்கொண்டு சிக்கலைக் குறைக்கும்.

இரு மின் வகை: கோகமிடோபுரோப்பைல் பீட்டெய்ன் போன்றவை. ஷாம்புவில் துணைப் பொருளாகச் சேர்ப்பார்கள்.

மின்னேற்றம் இல்லாத வகை: இந்தக் கட்டுரையின் பொருள் இதுதான். இதன் தலைப்பகுதியில் நேர் மின்னும் இல்லை, எதிர் மின்னும் இல்லை.

மின்னேற்றம் இல்லாமல் தண்ணீரோடு சேருவது எப்படி?

இந்த வகையின் தலையில் உயிர்வாயு அணுக்கள் நிறைய இருக்கும். ஒவ்வோர் உயிர்வாயு அணுவும் அருகில் வரும் நீர் மூலக்கூறுகளை இலேசாகப் பிடித்துக்கொள்கிறது. வேதியியலில் இதை ஹைட்ரஜன் பிணைப்பு என்பார்கள். ஒரு பிணைப்பு வலு குறைந்தது. ஆனால் பத்து, இருபது சேர்ந்தால் அந்தத் தலை முழுவதும் நீரால் சூழப்பட்டுவிடும்.

இந்தத் தலையை இரண்டு வழிகளில் அமைக்கிறார்கள். ஒன்று, எத்திலீன் ஆக்சைடு என்ற வாயுவை வினைபுரியச் செய்து, மணிமாலை போல ஒரு சங்கிலி கோப்பது. மற்றொன்று, குளுக்கோஸ், சார்பிட்டால், கிளிசரின் போன்ற சர்க்கரை அல்லது மது வகைப் பொருளை வாலோடு இணைப்பது.

முதல் வழியில் செய்த பொருளுக்கு ஒரு விநோதக் குணம் உண்டு. பொதுவாக எந்தப் பொருளும் சூடான நீரில் நன்றாகக் கரையும். இதுவோ, சூடு ஏறினால் நீரைப் பிடித்திருந்த பிணைப்புகள் தளர்ந்து, கரைசல் கலங்கிப் போகும். ஆறியதும் மறுபடி தெளியும். கலங்கத் தொடங்கும் வெப்பநிலைக்கு 'மேகப் புள்ளி' என்று பெயர். வெயிலில் நிறுத்திய காரில் விட்டுச் சென்ற சில திரவங்கள் கலங்கித் தெரிவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். சர்க்கரைத் தலை கொண்டவற்றில் இந்தக் குணம் பெரிதாக வெளிப்படாது.

மின்னேற்றம் இல்லாததால் இன்னொரு நன்மையும் உண்டு. சுண்ணாம்புச் சத்து மிகுந்த கிணற்று நீரில் சாதாரணச் சவர்க்காரம் நுரைக்காது. வாளியின் ஓரத்தில் வெள்ளைக் கசடு படியும். சவர்க்காரத்தின் எதிர்மின் தலையைக் கால்சியம் பிடித்துக்கொள்வதே காரணம். மின்னேற்றம் இல்லாத வகையைக் கால்சியம் அப்படிப் பிடிப்பதில்லை. அதனால் எந்தத் தண்ணீரிலும் அது ஒரே மாதிரி வேலை செய்யும்.

தோலுக்கு ஏன் மென்மை?

தோலின் வெளிப்படலம் இறந்த உயிரணுக்களால் ஆனது. அந்த உயிரணுக்களில் கெரட்டின் என்ற புரதமும், அவற்றுக்கு நடுவில் கொழுப்பும் இருக்கின்றன. செங்கல்லும் சாந்தும் போல இது நின்று, உள்ளிருக்கும் ஈரத்தைக் காக்கிறது.

சோடியம் லாரில் சல்பேட் போன்ற எதிர்மின் பொருள் இந்தக் கெரட்டினோடு ஒட்டிக்கொள்ளும். புரதம் ஊதிப் போகும். நடுவிலுள்ள கொழுப்பும் கரையும். குளித்து முடித்ததும் தோல் இழுத்துப் பிடிப்பது போல இருப்பது இதனால்தான். மின்னேற்றம் இல்லாத பொருளுக்குப் புரதத்தின் மீது அந்த அளவுக்குப் பிடிப்பு இல்லை.

அளவும் ஒரு காரணம். சோடியம் லாரில் சல்பேட் மைசெல்லாகச் சேர ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 2.3 கிராம் இருக்க வேண்டும். மின்னேற்றம் இல்லாத பாலிசார்பேட் 20 என்ற பொருளுக்கு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. அதாவது, மைசெல்லில் சேராமல் தனியாகத் திரியும் மூலக்கூறுகள் மிகக் குறைவு. தோலுக்குள் நுழைந்து எரிச்சல் தருபவை பெரும்பாலும் இந்தத் தனி மூலக்கூறுகள்தான் என்பது நெடுநாளைய விளக்கம். மிகச் சிறிய மைசெல்களும் நுழையக்கூடும் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின.

எப்படிப் பார்த்தாலும் தீர்வு ஒன்றே. எதிர்மின் பொருளோடு மின்னேற்றம் இல்லாத பொருளைக் கலந்தால், இரண்டும் சேர்ந்து பெரிய மைசெல்களாகின்றன. தனியாகத் திரிபவையும் குறைகின்றன. குழந்தைகளின் கண்ணில் எரியாத ஷாம்புகள் இந்த முறையில்தான் செய்யப்படுகின்றன. பெக்-80 சார்பிட்டான் லாரேட் என்ற பெயரை அவற்றின் பின்பக்கத்தில் அடிக்கடி காணலாம்.

நுரை குறைந்தால் அழுக்குப் போகாது என்ற எண்ணம் தவறு. எத்திலீன் ஆக்சைடு வகைக்கு நுரை குறைவு, ஆனால் எண்ணெயை நன்றாக எடுக்கும். நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் மென்மையான ஷாம்புவை ஒரே தடவையில் நிறைய ஊற்றுவதைவிட, கொஞ்சமாக இரண்டு முறை போட்டு அலசுவது நல்ல பலன் தரும்.

கிளினிக்கில் தரும் கிரீம் சொல்லும் பாடம்

இந்த வேறுபாடு ஏட்டுப் படிப்போடு நிற்பதில்லை. 'அக்குவஸ் கிரீம்' என்ற வெள்ளைக் களிம்பு தோல் வறட்சிக்குக் கிளினிக்குகளிலும் மருந்தகங்களிலும் பரவலாகக் கிடைக்கும் ஒன்று. பிரிட்டிஷ் மருந்து நூல் முறைப்படி செய்யப்படும் இந்தக் கிரீமில், எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்து வைக்கும் பொருள் சோடியம் லாரில் சல்பேட் கலந்த மெழுகு. கிரீமில் அதன் அளவு ஏறக்குறைய 1 விழுக்காடு மட்டுமே.

2010ல் பிரிட்டனின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நலமான தோல் உள்ளவர்களுக்கு இந்தக் கிரீமை நான்கு வாரம் பூசிப் பார்த்தார்கள். தோலின் வெளிப்படலம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மெலிந்துபோனது. 2013ல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, அக்குவஸ் கிரீம் தோலில் எரிச்சலை உண்டாக்கலாம், குறிப்பாக எக்ஸிமா உள்ள குழந்தைகளுக்கு, என்று எச்சரித்தது. பூசிய இருபது நிமிடத்துக்குள் குழந்தை எரிகிறது என்று அழுதால் அது காரணமாக இருக்கலாம் என்றும் மருத்துவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டது.

இதற்கு மாற்றாகச் செட்டோமேக்ரோகால் என்ற மின்னேற்றம் இல்லாத பொருளைக் கொண்டு செய்யும் கிரீம்கள் உள்ளன. எண்ணெய், தண்ணீர், மெழுகு என்று மற்றதெல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். சேர்த்து வைக்கும் பொருள்தான் வேறு. எனவே, பூசிய கிரீம் எரிகிறது என்று பிள்ளை சொன்னால் அதை அடம் என்று ஒதுக்காமல், மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கிரீமைக் காட்டி, 'இதில் லாரில் சல்பேட் இருக்கிறதா?' என்று கேட்பது நல்லது. அக்குவஸ் கிரீமை எல்லாரும் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஒத்துக்கொள்கிறவர்கள் பலர் உண்டு.

ஓர் எண் சொல்லும் கணக்கு

எந்தப் பொருளை எதற்குப் பயன்படுத்துவது என்று முடிவு செய்ய ஓர் அளவுகோல் உண்டு. அமெரிக்காவின் அட்லஸ் நிறுவனத்தில் பணியாற்றிய வில்லியம் கிரிஃபின் 1949ல் இதை வெளியிட்டார். எச்எல்பி எண் என்று அழைக்கப்படும் இது 0 முதல் 20 வரை போகும். மூலக்கூறின் மொத்த எடையில் தண்ணீரை விரும்பும் பகுதி எத்தனை விழுக்காடு என்று பார்த்து, அதை ஐந்தால் வகுத்தால் எண் கிடைக்கும். 80 விழுக்காடு என்றால் எண் 16.

எண் 3 முதல் 6 வரை இருந்தால், எண்ணெய்க்குள் தண்ணீர்த் துளிகள் நிற்கும் கெட்டியான கிரீமுக்கு ஏற்றது. 8 முதல் 16 வரை இருந்தால், தண்ணீருக்குள் எண்ணெய்த் துளிகள் நிற்கும் இலேசான லோஷனுக்கு. 15க்கு மேல் என்றால், வாசனை எண்ணெயைத் தெளிந்த நீரில் கரைக்க.

இரண்டைக் கலந்து நடு எண்ணையும் பெறலாம். 4.3 எண் கொண்ட சார்பிட்டான் ஓலியேட்டையும், 15 எண் கொண்ட பாலிசார்பேட் 80ஐயும் சரிபாதியாகக் கலந்தால் 9.65 வரும். வீட்டில் சிறு தொழிலாகக் கிரீம் செய்து விற்கும் பெண்களுக்கு இந்தக் கணக்கு பெரிதும் உதவும். கிரீம் இரண்டு நாளில் தண்ணீராகப் பிரிந்துபோவதற்கு இந்த எண் பொருந்தாததே பல நேரம் காரணமாகும்.

பாட்டி காலத்துச் சீயக்காய்

மின்னேற்றம் இல்லாத கழுவுபொருள் ஆலையில்தான் பிறந்தது என்று நினைக்க வேண்டாம். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் இருக்கும் சப்போனின் என்ற பொருளும் இதே அமைப்பு உடையது. எண்ணெயை விரும்பும் ஒரு பகுதியும், அதோடு இணைந்த சர்க்கரைச் சங்கிலியும் அதில் உண்டு. சீயக்காய்த் தூள் நுரை குறைவாகத் தந்தாலும் எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் இயற்கை என்பதால் எரிச்சலே தராது என்றில்லை. சீயக்காய் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பது தீபாவளிக் காலையில் குளித்த எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

செம்பனைத் தோட்டத்திலிருந்து ஷாம்பு புட்டிக்கு

மலேசியத் தமிழர்களுக்கு இந்தப் பொருளோடு நெருங்கிய தொடர்பு உண்டு. இந்நாட்டில் வாணிப முறையில் முதல் செம்பனைத் தோட்டம் 1917ல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் உருவானது. பிறகு ரப்பர் அழிக்கப்பட்ட பல தோட்டங்களில் செம்பனை வந்தது. குலை வெட்டியதிலும் உதிரிப் பழம் பொறுக்கியதிலும் தமிழர்களின் உழைப்பு நிறைந்திருந்தது.

ஒரு செம்பனைப் பழத்திலிருந்து இரண்டு எண்ணெய் கிடைக்கும். சதையிலிருந்து வருவது சமையல் எண்ணெய். உள்ளே இருக்கும் பருப்பிலிருந்து வருவது வேறு எண்ணெய். அதில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம். தேங்காய் எண்ணெயும் அப்படித்தான். பன்னிரண்டு கரிம அணுக்கள் கொண்ட இந்தச் சங்கிலிதான் பரப்புச் செயலிக்கு ஏற்ற வால்: தண்ணீரில் கரையும் அளவுக்குச் சிறியது, எண்ணெயைப் பிடிக்கும் அளவுக்கு நீளமானது.

பருப்பு எண்ணெயைப் பிரித்துக் கொழுப்பு ஆல்கஹாலாக மாற்றுவார்கள். அதோடு சோளமாவு போன்றவற்றிலிருந்து எடுத்த குளுக்கோஸை இணைத்தால் லாரில் குளுக்கோசைட். எத்திலீன் ஆக்சைடை இணைத்தால் லாரெத். குளுக்கோஸ் முறையை ஜெர்மானிய வேதியியலாளர் எமில் ஃபிஷர் 1893லேயே காட்டிவிட்டார். கடைச் சரக்காக அது பெருகியது 1990களில்தான். மலேசியாவில் செம்பனை எண்ணெயிலிருந்து இத்தகைய மூலப்பொருள்களைச் செய்யும் தொழில் 1980களில் வளர்ந்தது. வெளிநாட்டுப் பெயர் பொறித்து, உயர்ந்த விலையில் பேரங்காடியில் நிற்கும் புட்டிக்குள் இருப்பதும் பெரும்பாலும் செம்பனைப் பருப்பு அல்லது தேங்காயின் வழியாக வந்ததுதான்.

பின்பக்கப் பெயர்களைப் படிப்பது எப்படி?

'குளுக்கோசைட்' என்று முடிந்தால் அது சர்க்கரைத் தலை கொண்டது. டெசில் குளுக்கோசைட், கோகோ குளுக்கோசைட் ஆகியவை முகக்கழுவியிலும் குழந்தைகள் ஷாம்புவிலும் இருக்கும்.

'எத்' என்று முடிந்து எண் வந்தால், எடுத்துக்காட்டாக லாரெத்-4, செட்டியரெத்-20 என்றால், அது எத்திலீன் ஆக்சைடு வகை. சங்கிலியில் சராசரியாக எத்தனை மணி என்பதே அந்த எண். ஆனால் சோடியம் லாரெத் சல்பேட் இந்த வகை அல்ல. கடைசியில் 'சல்பேட்' வந்தால் அது எதிர்மின் வகை.

பாலிசார்பேட் 20, 60, 80 என்பவற்றில் எண்ணின் பொருள் வேறு. எல்லாவற்றிலும் மணிகள் சுமார் இருபதுதான். 20 என்றால் லாரிக் அமிலம், 60 ஸ்டியரிக் அமிலம், 80 ஓலிக் அமிலம். எண் கூடினால் காரம் கூடும் என்று நினைப்பது தவறு.

பெக்-40 ஹைட்ரஜனேற்றப்பட்ட ஆமணக்கு எண்ணெய் என்பது நம் விளக்கெண்ணெயிலிருந்து வந்தது. பன்னீரிலும் டோனரிலும் வாசனையைக் கரைத்து வைக்கும்.

பொருள்கள் அளவு கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுதப்பட்டிருக்கும். 1 விழுக்காட்டுக்குக் குறைந்தவை மட்டும் எந்த வரிசையிலும் வரலாம். 'சல்பேட் இல்லை' என்று முன்பக்கம் எழுதியிருப்பதைவிடப் பின்பக்கத்தின் முதல் ஐந்து பெயர்கள் அதிகம் சொல்லும்.

குறைகளும் உண்டு

மென்மையான பொருள் என்றாலும் கவனம் தேவை.

எத்திலீன் ஆக்சைடு வினையில் 1,4-டயாக்சேன் என்ற பொருள் சிறிதளவு உடன் உருவாகும். உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் சாத்தியமுள்ள 2பி பிரிவில் வைத்துள்ளது. நல்ல ஆலைகள் வெற்றிட முறையில் இதை நீக்கிவிடுகின்றன. எவர் செய்தார் என்று தெரியாத மலிவுச் சரக்கைத் தவிர்ப்பதற்கு இது ஒரு காரணம்.

நுரையைக் கெட்டியாக்கச் சேர்க்கும் கோகமைடு டிஇஏ என்ற மின்னேற்றம் இல்லாத பொருளும் அதே 2பி பிரிவில் உள்ளது. கோகமைடு எம்இஏ என்பது வேறு பொருள். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

குளுக்கோசைட் சிலருக்கு ஒவ்வாமை தரும். அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2017ஆம் ஆண்டுக்கான 'ஒவ்வாமைப் பொருள்' என்று அதையே அறிவித்தது. புதிய பொருளை முழங்கை மடிப்பில் சிறிது தடவிச் சில நாள் பார்த்த பிறகு முகத்துக்குப் போடுவது நல்லது.

மைசெல் நீர் என்று விற்கப்படும் ஒப்பனை நீக்கியும் மின்னேற்றம் இல்லாத பொருள்தான். கழுவத் தேவையில்லை என்று எழுதியிருந்தாலும், தோல் எளிதில் சிவக்கும் இயல்புள்ளவர்கள் துடைத்த பிறகு தண்ணீரால் அலசிவிடலாம்.

தீரப் போகும் ஷாம்பு புட்டியில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைப்பது பல வீடுகளில் வழக்கம். உடனே பயன்படுத்தினால் கேடில்லை. வாரக்கணக்கில் வைப்பது நல்லதல்ல. கிருமி தடுக்கச் சேர்த்த பாரபென் போன்ற பொருளில் ஒரு பகுதி மைசெல்லுக்குள் ஏற்கெனவே சிக்கியிருக்கும். அதற்கேற்ற அளவில்தான் ஆலையில் சேர்த்திருப்பார்கள். தண்ணீர் கலந்தால் அந்தக் கணக்கு குலைந்து, கிருமி வளர இடம் கிடைக்கும். குழந்தைக்கும், தலையில் புண் உள்ளவர்களுக்கும் அதைப் போடக் கூடாது.

வாங்கும் முன்

மலேசியாவில் ஒப்பனை, உடல் பராமரிப்புப் பொருள்களை விற்பதற்கு முன் சுகாதார அமைச்சின்கீழ் இயங்கும் தேசிய மருந்தக ஒழுங்குமுறை நிறுவனமான என்பிஆர்ஏவிடம் அறிவிக்க வேண்டும். அறிவிப்பு எண் 'என்ஓடி' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். அந்த எண்ணையோ பொருளின் பெயரையோ நிறுவனத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். சிங்கப்பூரில் இதே பொறுப்பு சுகாதார அறிவியல் ஆணையத்துக்கு உண்டு. இரு நாடுகளும் ஆசியான் நாடுகள் 2003ல் ஒப்புக்கொண்ட பொது விதிகளைப் பின்பற்றுகின்றன.

அறிவிப்பு எண் இருப்பதால் அரசே சோதித்துச் சான்று கொடுத்துவிட்டது என்று பொருளல்ல. பாதுகாப்புக்குப் பொறுப்பு தயாரிப்பாளருடையது. ஆனால் எண் இருந்தால் புகார் செய்ய ஒரு பெயரும் முகவரியும் இருக்கும். கைப்பேசி வழியாகவும் இரவுச் சந்தையிலும் விற்கப்படும் பெயர் தெரியாத கிரீமுக்கு அதுவும் இருக்காது.

தோல் ஏற்கெனவே வெடித்தோ நீர் கசிந்தோ இருந்தால் புட்டி மாற்றிப் பார்ப்பதோடு நிறுத்தாமல் மருத்துவரைக் காண வேண்டும். போகும்போது பயன்படுத்திய ஷாம்பு, சவர்க்காரம், கிரீம் எல்லாவற்றின் பின்பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துச் சென்றால், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிப்பது மருத்துவருக்கு எளிதாக இருக்கும்.